டோல் என்றால் வரி, பலி என்றாலும் வரி

ஒரு சொல்லுக்கு நாலு பொருள் உண்டென்று அகராதி போட்டால், அந்த நாலும் அண்ணன் தம்பி மாதிரி வரிசையாக உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அப்படிக் கிடையாது. ஒவ்வொரு பொருளையும் யாரோ ஒருத்தர் இன்னொருத்தர் முதுகில் ஏற்றி வைத்திருக்கிறார். ஏற்றினது யார், சுமந்தது யார் என்று கேட்காத சொல்லாராய்ச்சி வித்துவான்களுக்கு ஆகும், நமக்கு ஆகாது. சொல்லைப் பிரித்து, அதற்குள் யாரை மறைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிற வேலையை 1907-ல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை நடத்தி நமக்குக் காட்டினவர் அயோத்திதாசப் பண்டிதர். அந்தப் பழக்கத்தில், வடசென்னைக்காரர் தினமும் வாயில் போட்டுப் புழங்குகிற ஓர் ஆங்கிலச் சொல்லை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சொல் 'டோல்'.

தண்டையார்பேட்டை தாண்டித் திருவொற்றியூர் ஆரம்பிக்கிற இடத்துக்குப் பேர் டோல்கேட். திருவொற்றியூர் 2011 வரைக்கும் தனி நகராட்சி. அதுக்கப்புறம்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். ஆகவே அதுவரைக்கும் பட்டணத்தின் வடக்கு எல்லை இதுதான். எல்லையில் கேட் போட்டு வண்டிக்குக் காசு வாங்கின காலம் விட்டுப்போன பேர். வசூல் நின்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, பேர் மட்டும் நிற்கிறது. திருச்சியில் நம்பர் ஒன் டோல்கேட், கோயம்புத்தூரில் சுங்கம் என்று மற்ற ஊர்களிலும் இப்படி உண்டு. நம்ம ஜனங்கள் 'டோல்கேட்டு' என்று கடைசியில் ஓர் உகரம் சேர்த்துச் சொல்வார்கள். பிரித்தால் 'டோல் கேட்டு' என்று வரும். டோல் கேட்டு வாங்குகிற இடம். இந்தப் பிரிப்பு வேடிக்கையானது என்றாலும், சொல்லின் உயிர் அதற்குள் இருக்கிறது. டோல் என்று ஒன்று இருந்தால் அதைக் கேட்கிறவன் ஒருத்தன் இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முதல் பொருள் வரி. பாதைக்கு, பாலத்துக்கு, சந்தைக்குக் கொடுக்கிற காசு. பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிற சொல். கிரேக்க மொழியில் வரியைக் குறித்த 'டெலோஸ்' லத்தீன் வழியாக வந்து இப்படி ஆனது என்பது பலரும் ஒப்புக்கொண்ட கருத்து. ஜெர்மன்காரர் 'த்ஸோல்' என்கிறார்கள். மாவு அரைக்கிற ஆலைக்காரன் அரைக்க வந்த தானியத்தில் ஒரு பங்கைத் தனக்கு எடுத்துக்கொள்வான், அதுக்கும் டோல் என்றுதான் பேர். இரண்டாவது பொருள் மணி. சாவுக்குத் தேவாலயத்தில் ஒவ்வொரு அடியாக நிறுத்தி நிறுத்தி அடிக்கிற மணியோசை. இது வேறு வேர். 'இழு' என்கிற பொருளுள்ள பழைய வினையிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும், அதனால். மூன்றாவது பொருள் சட்டத்தில் இருக்கிறது. வழக்குப் போடுவதற்கான காலக்கெடு ஓடாமல் நிறுத்தி வைப்பதை டோல் பண்ணுவது என்பார்கள். 'எடுத்துவிடு' என்கிற லத்தீன் வினை பிரெஞ்சு வழியாக வந்து இப்படி நின்றது. நான்காவது பொருள்தான் தினசரிப் பத்திரிகையில் வருவது. விபத்தில், வெள்ளத்தில், போரில் செத்தவர்களின் எண்ணிக்கை. இது மணியிலிருந்து பிறந்ததாகத் தோன்றும். பிறந்தது வரியிலிருந்து. பாதை கேட்கிற காசு மாதிரி, பேரழிவு கேட்டு வாங்கின உயிர் என்று ஆக்கினார்கள்.

வரிக்கும் சாவுக்கும் ஒரே சொல். இதை மனசில் வைத்துக்கொண்டு நம்ம பக்கம் வருவோம்.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் பட்டினப்பாலை நடத்துவார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் சூரியனின் தேர்க்குதிரை மாதிரி ஓயாமல் உழைப்பதும், மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்துவதும் அங்கே வரும். பேராசிரியர்களுக்குப் பெருமை தாங்காது. 'உல்கு' என்ற சொல்லை எழுதிப்போட்டு, திருக்குறள் 756-லும் இருக்கிறது என்று காட்டுவார்கள். குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டம் வந்ததைச் சொல்லி முடிப்பார்கள். அந்த மூட்டையைக் கப்பலிலிருந்து இறக்கினவன் யார், முத்திரை குத்துகிறவரைக்கும் தோளில் தாங்கி நின்றவன் யார் என்று ஒரு பரீட்சையிலும் கேள்வி வந்ததில்லை. சுங்கத்தைத் தவிர்த்தால் வியாபாரிக்கு லாபம். பழைய செப்பேடுகளில் 'வண்ணாரப்பாறை' என்று ஒரு வரி வருகிறது. துணி துவைக்கிற கல்லுக்கு வரி. இப்படி ஒரு வரி இருந்தது என்கிற சேதியே தமிழ்ப் பெருமிதத்துக்கு ஒத்துவராது. டோல்கேட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வண்ணாரப்பேட்டை இருக்கிறது. அந்தப் பேரைக் கேட்டால் துவைத்த கைகள் நினைவுக்கு வரலாம், கல்லுக்கு வரி வாங்கின கைகள் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

சென்னைப் பட்டணத்தின் கதையும் இதுதான். கும்பினிக்காரன் இங்கே சாவடி வைத்துச் சுங்கம் வாங்கினான், வழக்கும் அங்கேயே தீர்த்தான். 'சாவடி' என்ற சொல்லை 'சௌல்ட்ரி' என்று திரித்துத் தன் மொழியிலும் சேர்த்துக்கொண்டான். 1678-ல் ஸ்ட்ரேன்ஷாம் மாஸ்டர் கவர்னராக இருந்தபோது போட்ட ஏற்பாட்டின்படி, சாவடியில் ஒரு பதிவுப் புத்தகம் வைக்கப்பட்டது. வீடு, தோட்டம், படகு, கப்பல் விற்றால் அதில் எழுத வேண்டும், கும்பினிக்குச் சேர வேண்டிய தீர்வையைக் கட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் அடிமைகளும் இருந்தார்கள். தோட்டத்தை விற்கிற மாதிரி ஆளை விற்றுத் தீர்வை கட்டினார்கள். சுங்கச்சாவடி என்றதும் ஏதோ வண்டிக்குக் காசு வாங்கின இடம் என்று நினைத்துவிடக் கூடாது. மனுஷனே சரக்காக இருந்த கணக்கு அங்கே எழுதப்பட்டது.

டோல்கேட்டுக்கு ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். காசு கொடுத்தால் கேட் திறக்கும். யார் கொடுத்தாலும் திறக்கும். நம்ம நாட்டில் காசு கொடுத்தாலும் திறக்காத கேட் இருந்தது. அதுக்குக் கட்டையும் கிடையாது, காவல்காரனும் கிடையாது. பொதுத்தெருவில், பொதுக்கிணற்றில், பொதுச்சாவடியில் எல்லாரும் போகலாம் என்று ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் அதைக் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அதே வருஷம்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றின தெருவுக்காகப் போராட்டம் நடந்தது. அந்தத் தெருக்களை எல்லாம் போட்டது ஊர் வரிப்பணத்தில், நம்ம உழைப்பில். வரி வாங்கும்போது தீட்டு இல்லை, நடக்கும்போது மட்டும் தீட்டு. டோல் கட்டிவிட்டுக் கேட்டுக்கு வெளியே நின்ற ஜனம் உலகத்தில் நாம்தான்.

இனி மணிக்கு வருகிறேன். ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு டோல் என்றதும் ஜான் டன் ஞாபகம் வரும். லண்டனில் நோயில் படுத்திருந்தபோது பக்கத்துத் தேவாலயத்துச் சாவுமணியைக் கேட்டு அவர் எழுதின தியானம் 1624-ல் புத்தகமாக வந்தது. ஹெமிங்வே 1940-ல் தன் நாவலுக்கு அதிலிருந்துதான் தலைப்பு எடுத்தார். யார் செத்தாலும் அதில் நானும் கொஞ்சம் குறைந்துபோகிறேன், அதனால் மணி யாருக்கென்று விசாரிக்க வேண்டியதில்லை என்பது டன்னுடைய கருத்து. நல்ல கருத்துதான். இராயபுரத்தில் ராயப்பர் கோயில் மணியைக் கேட்கும்போது நமக்கும் அப்படித் தோன்றலாம். ஆனால் நம்ம ஊரில் சாவைச் சொன்னது மணி இல்லை, பறை. கயிற்றை இழுக்க ஒரு கோயில்பிள்ளை போதும். பறையை அடிக்க ஒரு சாதியையே கட்டிப்போட்டார்கள். ஊரில் யார் செத்தாலும் போய் அடிக்க வேண்டியவன் செத்தால் ஊர் வந்து எட்டிப் பார்க்காது. இந்த ஏற்பாட்டில் மணி யாருக்காக அடிக்கிறது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அடிக்கிறது யார் என்பதையும் கேட்க வேண்டும். சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று ஊர் ஊராக நம்ம இளைஞர்கள் பறையைக் கீழே வைத்தது இந்தக் கேள்வியைக் கேட்டதால்தான்.

மணியின் வேர் 'இழு' என்று சொன்னேன். கழிவுநீர்க் குழியில் இறங்கினவனை மேலே இழுக்க ஒரு கயிறு வேண்டும். இடுப்பில் பெல்ட் வேண்டும், முகத்துக்கு மூச்சுக்கருவி வேண்டும். உண்மையில் ஆள் இறங்கவே கூடாது. 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம் வந்தன. எங்கள் தெருவிலேயே ஒருத்தர் ஒரு கம்பெனித் தொட்டிக்குள் இறங்கி வெளியே வரவில்லை. தெரிந்தவர் கூப்பிட்டார் என்று போனவர். மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்தது, அதில் கம்பெனிக்குப் பேர் இல்லை.

அந்த நாலு வரியைத்தான் நாம் இலக்கியம் மாதிரி நிறுத்திப் படிக்க வேண்டும். 'விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி.' வருஷாவருஷம் நாம் படிக்கிற தலைப்பு இது. இலக்கணப்படி பாருங்கள். தாக்கினது யார்? விஷவாயு. காண்ட்ராக்டர் தாக்கவில்லை, மூடியைத் திறந்து 'இறங்கு' என்று சொன்ன மேஸ்திரி தாக்கவில்லை, கயிறு கொடுக்காத நிர்வாகம் தாக்கவில்லை. எழுவாய் ஒரு வாயு. வாயுமேல் எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது? பிறகு பயனிலை வருகிறது, 'பலி'. பத்துப் பேர் செத்தால் 'பலி எண்ணிக்கை பத்தாக உயர்ந்தது' என்று எழுதுவார்கள். ஆங்கிலப் பத்திரிகையின் டோல் தமிழில் இப்படித்தான் பலியாகி வந்திருக்கிறது.

பலி என்றால் நமக்குப் படையல். அம்மனுக்குக் கிடா வெட்டுகிறோம். அந்தப் பலியில் எல்லாம் வெளிச்சமாக இருக்கும். வெட்டுகிறவன் யார், வேண்டிக்கொண்டவன் யார், எந்தச் சாமிக்கு, எதுக்காக, கறி யார் யாருக்குப் பங்கு என்று சின்னப்பிள்ளை வரைக்கும் தெரியும். பத்திரிகைப் பலியில் ஒன்றும் தெரியாது. வெட்டினவன் இல்லை, சாமி இல்லை, பங்கு வாங்கினவன் இல்லை. வெட்டுப்பட்டது மட்டும் கிடக்கிறது. கிடா வெட்டுவதைக் காட்டுமிராண்டித்தனம் என்று தலையங்கம் எழுதுகிறவர்கள் இந்தப் பலியை மூன்றாம் பக்கத்து மூலையில் போடுகிறார்கள்.

'பலி' என்ற சொல்லையும் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம். வடமொழியில் அதற்குத் தெய்வத்துக்குக் கொடுக்கும் படையல் என்று மட்டும் பொருள் இல்லை. அரசனுக்குக் கட்டுகிற கப்பம், வரி என்பதும் அதன் பழைய பொருள். வேதத்திலேயே இருக்கிறது, அர்த்தசாஸ்திரத்திலும் வருமான இனங்களில் ஒன்றாக வருகிறது. ஆக டோல் என்றாலும் வரி, பலி என்றாலும் வரி. வெள்ளைக்காரன் மொழியிலும் பார்ப்பான் மொழியிலும் வரிக்கும் உயிருக்கும் ஒரே சீட்டுதான் கிழித்திருக்கிறார்கள். பத்திரிகைக்காரர் தெரிந்து மொழிபெயர்க்கவில்லை. தெரியாமலே சரியாக மொழிபெயர்த்துவிட்டார். வசூல் பண்ணினவனை மட்டும் விட்டுவிட்டார்.

இந்த வரியை ஒருத்தர் நீக்கினார் என்பதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. புத்தர் பிறந்த லும்பினியில் அசோகர் நட்ட தூண் 1896-ல் வெளியே தெரியவந்தது. முடிசூடி இருபதாம் ஆண்டில் அவரே அங்கே வந்து வணங்கி, அந்தக் கிராமத்தை 'உபலிகே' ஆக்கினதாக அதில் இருக்கிறது. பலி இல்லாத ஊர், கப்பம் கட்ட வேண்டாத ஊர் என்று ஆராய்ச்சியாளர்கள் பொருள் சொல்கிறார்கள். விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றும் விதித்தார். குலோத்துங்கன் வியாபாரிக்குத் தவிர்த்த சுங்கத்துக்குப் பட்டம் கொடுத்தவர்கள், ஒரு கிராமத்துக்குப் பலி நீங்கின கதையை நமக்குப் பாடமாக வைக்கவில்லை.

நம்ம காலத்துக்கு வருவோம். 2021 பிப்ரவரி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 14-ம் தேதி டோல்கேட்டில் மெட்ரோ ரயில் நின்றது. மறுநாள் நள்ளிரவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. துறைமுகத்து ஜீரோ கேட்டில் மணிக்கணக்காகக் காத்துக்கிடந்து கண்டெய்னர் ஏற்றின டிரெய்லர், நல்லூர் டோலில் நிற்காமல் போனது. எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எவ்வளவு கட்டியது என்று கம்ப்யூட்டரில் நொடிக்கணக்காகப் பதிவு இருக்கும். அதே மாதம் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு ஒரு கணக்குக் கொடுத்தது. 2020 டிசம்பர் வரைக்கும் ஐந்து வருஷத்தில் கழிவுநீர்க் குழியிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கிச் செத்தவர்கள் 340 பேர். ஜூலை மாதம் அதே அரசு, கையால் மலம் அள்ளும் தொழிலால் செத்தவர் என்று யாரும் பதிவாகவில்லை என்று மாநிலங்களவையில் சொன்னது. 340 எப்படிப் பூஜ்யம் ஆனது? யாரும் உயிர்த்து எழுந்து வரவில்லை. சொல்தான் மாறியது. 'கையால் மலம் அள்ளுதல்' ஒன்று, 'குழிகளை அபாயகரமாகச் சுத்தம் செய்தல்' வேறொன்று என்று 2013-ம் வருஷச் சட்டத்தில் இரண்டு தலைப்பு இருக்கிறது. செத்தவர்களை இரண்டாவது தலைப்பில் போட்டுவிட்டு, முதல் தலைப்பில் ஆளே இல்லை என்றார்கள். வண்டிச்சக்கரத்துக்கு நொடிக்கணக்கு வைக்கிற ராஜ்யம், மனுஷனுக்குத் தலைப்பு மாற்றிக் கணக்கு வைக்கிறது.

இதனால்தான் சொல்லைப் பற்றிய சண்டை வெறும் பண்டிதச் சண்டை ஆகாது. 2014 மார்ச் 27-ல் உச்சநீதிமன்றம், 1993-லிருந்து குழியில் செத்த எல்லாருடைய குடும்பத்தையும் கண்டுபிடித்துப் பத்து லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. டோல் என்பதன் மூன்றாவது பொருளை நினைத்துப் பாருங்கள். காலம் ஓடினது ஓடினதுதான் என்று சொல்லாமல், பழைய சாவுக்கும் கணக்குக் கேட்கலாம் என்று அந்தத் தீர்ப்பு வழி விட்டது. ஆனால் 1996-லோ 2003-லோ செத்த ஒருத்தர் குழியில்தான் செத்தார் என்று விதவை எப்படி நிரூபிப்பது? கையில் இருப்பது ஒரு எஃப்.ஐ.ஆர். நகல், ஒரு பேப்பர் துண்டு. அதில் 'மயங்கி விழுந்து', 'தவறி விழுந்து', 'விஷவாயு தாக்கி' என்று எழுதியிருக்கும். இறக்கினவன் பேர் இருக்காது. ஒரு வினையெச்சம் முப்பது லட்சத்தைத் தின்றுவிடும்.

செத்தால்தான் டோல் என்றும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியது. வலை போச்சு, படகு போச்சு, இறால் போச்சு. அதே மாதம் 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரக் கம்பெனிக்குக் கடலிலிருந்து வரும் குழாயில் அமோனியா கசிந்தது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை எண்ணினார்கள், சாவு இல்லை என்றதும் செய்தி அடங்கிவிட்டது. பட்டணத்துக்குப் பெட்ரோல் வேண்டும், கரண்ட் வேண்டும், உரம் வேண்டும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லிருந்து 2017 வரைக்கும் ஓடியது. அதன் சாம்பல் யார் கூரைமேல் விழுந்தது? இது எல்லாம் தினசரி டோல். பட்டணம் போய்வரும் பாதைக்கு வடசென்னை கட்டுகிற காசு. கட்டுகிறவர்களின் தெருவைப் பாருங்கள். மீனவர், தலித்துகள், பஞ்சம் பிழைக்க வந்தவர்கள், குடிசை மாற்றுக் குடியிருப்பு. விலக்குப் பெற்றவர்கள் தெற்கே இருக்கிறார்கள்.

விலக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு நெடுஞ்சாலைச் சாவடியிலும் ஒரு பெரிய போர்டு வைத்திருப்பார்கள். குடியரசுத் தலைவர், பிரதமர், நீதிபதிகள் என்று டோல் கட்ட வேண்டாதவர்களின் பட்டியல். 2008-ம் வருஷக் கட்டண விதிகளின்படி அமரர் ஊர்திக்கும் விலக்கு உண்டு. உயிரோடு இருக்கும்போது ஒரு கேட்டிலும் விலக்குக் கிடைக்காதவன், பிணமானதும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறான். கட்ட வேண்டியதை எல்லாம் கட்டிவிட்டான் என்று அர்த்தம்.

நம்ம எழுத்தாளர்களுக்கும் பத்திரிகை வேலை பார்க்கிற நம்ம தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். குழியில் நடந்த சாவுக்குப் 'பலி' என்று எழுதாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் யாருக்குப் பலி என்று அடுத்த சொல்லிலேயே எழுதுங்கள். 'விஷவாயு தாக்கி' என்று எழுவாயை வாயுவுக்குக் கொடுக்காதீர்கள். இன்ன காண்ட்ராக்டர், இன்ன தேதியில், இன்ன இடத்தில், கயிறு இல்லாமல் இறக்கினார், இன்னார் செத்தார் என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். அழகாக இருக்காது, நீளமாக இருக்கும், எடிட்டர் வெட்டுவார். வெட்டினாலும் மறுநாள் திரும்பவும் எழுதுங்கள். அந்த வாக்கியம் ஒரு நாள் ஒரு பெண்ணுக்குக் கோர்ட்டில் சாட்சியாக நிற்கும். டோல் வாங்கினவன் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது எந்த ஊர் டோல்கேட்டிலும் சட்டம்தான். நாம் இப்போது அந்தச் சீட்டைக் கேட்கிறோம்.